வால்பக்கத்து மூன்று பேர்

"பெல்ட்டை நிறுத்துங்க."

வேலையில் சேர்வதற்கு முதல் நாள், யாரிடமும் கேட்கக் கூடாது என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே அம்மா அவளிடம் சொன்னது இந்த ஒன்றைத்தான். துணி நாறும், பழகிவிடும். கால் வீங்கும், பழகிவிடும். சூப்பர்வைசர் கத்துவான், அவன் கத்துவதற்குத்தான் வேலைக்கு வருகிறான். ஆனால் பெல்ட்டை நிறுத்தச் சொல்லி மட்டும் யாரிடமும் வாயைத் திறக்காதே. பன்னிரண்டாம் நாள் காலை பத்தேகால் மணிக்கு அவள் அதைத்தான் கேட்டாள். மெதுவாகக்கூட இல்லை, இயந்திரச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற மாதிரி.

மூன்று மருத்துவமனைகளின் துணி அங்கேதான் வெளுக்க வரும். கூடத்தின் நடுவில் ஒரு சுவர். சுவரில் பதித்தது போல ஆறு பெரிய சலவை இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. இந்தப் பக்கம் அழுக்கைப் போட்டால் அந்தப் பக்கம் வெள்ளையாக எடுப்பார்கள். அழுக்குப் பக்கத்து ஆள் சுத்தப் பக்கம் போகக் கூடாது. சுத்தப் பக்கத்தில் ஜன்னல் உண்டு, மின்விசிறி உண்டு, உட்கார நாற்காலி உண்டு. அழுக்குப் பக்கத்தில் பெல்ட் உண்டு.

துணியைச் சுமந்து ஓடும் பெல்ட்டின் இருபுறமும் இருபத்தாறு பெண்கள். தலைப்பக்கத்தில் மூட்டையைப் பிரித்துக் கவிழ்ப்பார்கள். விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் பச்சை உடுப்பு, கம்பளி, குழந்தைத் துணி என்று ஆளுக்கொன்றாக இழுத்து அவரவர் கூண்டு வண்டியில் வீச வேண்டும். இரத்தமும் வாந்தியும் மற்றதும் இருக்கும். அதைப் பற்றியெல்லாம் அங்கே யாரும் பேசுவதில்லை. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் நூற்றெண்பது மூட்டை. முடிந்தால்தான் வீடு. இரண்டு மணிக்கு முடிந்தால் அது நல்ல நாள். பெல்ட் நான்கு நிமிடம் நின்றால் இருபத்தாறு பேருக்கும் நான்கு நிமிடம் தாமதம். குழாயில் தண்ணீர் நின்றுபோவதும், பஸ் கிளம்பிப் போவதும், பிள்ளை பள்ளிக்கூட வாசலில் அழ ஆரம்பிப்பதும் அந்த நான்கு நிமிடத்துக்குள்தான் நடக்கும்.

துணியோடு ஊசியும் வரும். வார்டில் யாரோ அவசரத்தில் படுக்கையிலேயே விட்டுவிட்ட ஊசி. சட்டப்படி, ஊசியைக் கண்டால் சிவப்புப் பொத்தானை அழுத்தி பெல்ட்டை நிறுத்தி, இடுக்கியால் எடுத்து மஞ்சள் டப்பாவில் போட்டு, மூட்டைச் சீட்டின் எண்ணை ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். நடைமுறைப்படி, விரலால் எடுத்துக் கால்மாட்டில் இருக்கும் பால்பவுடர் டின்னில் போட்டுவிட்டு அடுத்த துணியை இழுக்க வேண்டும். டின் நிறைந்தால் அம்மா எடுத்துப் போய் எங்கோ கொட்டிவிட்டு வருவாள். பதினேழு வருடமாக அம்மாதான் தலைப்பக்கத்து முதல் ஆள். பதினேழு வருடமாக அந்த ரெஜிஸ்டர் புத்தம்புதிதாக இருந்தது.

அன்றைக்கு நடுவில் நின்ற அண்ணி சட்டென்று கையை உதறினாள். பெல்ட்டின் கடைசியில், வால்பக்கத்தில் நின்ற மகள் பார்த்துவிட்டாள். பெல்ட்டில் இவளுக்கு வைத்த பெயர் டிகிரி. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம், தாவரவியலில். செடி கொடி படித்தவளுக்கு யாரும் வேலை கொடுக்காததால் இரத்தக் கறை படிந்த துணியைப் பிரிக்க வந்திருந்தாள். அண்ணி கையுறையைக் கழற்றி விரலை அமுக்கினாள், உள்ளங்கையில் துடைத்தாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். அண்ணிக்கு நான்காம் மாதம். வீட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அழுக்குப் பக்கத்தில் நிற்க விட மாட்டார்கள்.

"யாரது நிறுத்தச் சொன்னது?" என்றான் சூப்பர்வைசர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவன் பெயரே விசில்.

"நான்தான். அண்ணிக்கு ஊசி குத்திடுச்சு."

"எனக்கு ஒண்ணும் குத்தல," என்றாள் அண்ணி, துணியை இழுத்துக்கொண்டே.

"கையைக் காட்டுங்க அண்ணி."

"உன் வேலையைப் பாரு."

தலைப்பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏய், பேசாம துணியை இழு. மூட்டை குவியுது."

"அம்மா, ரத்தம் வருதும்மா."

"ரத்தம் இல்லாத துணி எங்கடி வருது இங்க?"

பத்துப் பேராவது சிரித்தார்கள். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. வால்பக்கத் தூணில் ஒரு பொத்தான் இருந்தது. கை தவறிப் பட்டுவிடக் கூடாது என்று யாரோ எப்போதோ அதன்மேல் பழுப்பு டேப்பை நான்கு சுற்று ஒட்டியிருந்தார்கள். டிகிரி நகத்தால் கீறி டேப்பை உரித்தாள். அழுத்தினாள்.

எல்லோரும் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பழக்க தோஷத்தில் இரண்டு பேர் வராத துணியை எட்டிப் பிடிக்கப் போய் ஒருத்தி மேல் ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

*

வீடு ஒன்றரை அறை. அரை அறை அண்ணனுக்கும் அண்ணிக்கும். முழு அறையில் அடுப்பு, கட்டில், தையல் மெஷின், அம்மா, டிகிரி. அண்ணன் அதே சலவைக்கூடத்துக்கு மூட்டை ஏற்றிவரும் வேன் ஓட்டுகிறவன். சாயங்காலம் அவன் வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன, சந்தோஷமா?"

அண்ணியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், படிவத்தில் நான்கு மாதம் என்று எழுதினார்கள். படிவம் மேனேஜர் மேஜைக்குப் போனது. பிள்ளை பெற்றுவிட்டு வா என்று சொல்லிவிட்டார்கள். குத்திய ஊசியில் என்ன இருந்தது என்பது ஆறு வாரம் கழித்து இன்னொரு தடவை இரத்தம் கொடுத்தால்தான் தெரியும்.

"அண்ணா, குத்தினது நான் இல்ல."

"ஊரைக் கூட்டினது நீதானே? உன்னைப் படிக்க வச்சதுக்கு நல்லா செஞ்ச."

"விடுங்க," என்றாள் அண்ணி கட்டிலிலிருந்து. "நானே சோப்பு போட்டுக் கழுவிட்டு விட்டிருப்பேன்."

"விட்டிருந்தா?" என்றாள் டிகிரி.

"விட்டிருந்தா ஆறு வாரம் நிம்மதியா தூங்கியிருப்பேன்."

பதில் இல்லாதபோதும் பேசுவது டிகிரியின் வழக்கம். "அம்மா, நீங்க சொல்லுங்க. டின்னுல போடுறது சரியா?"

அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். "பதினேழு வருஷமா போடுறேன். செத்தா போயிட்டேன்?"

"உங்களுக்கு எதிர்ல நின்ன அக்கா போன வருஷம் ஏன் நின்னுட்டாங்க?"

"அவளுக்கு மஞ்சக்காமாலை. அவ வீட்டுத் தண்ணி சரியில்ல."

"அவங்க வீட்ல மத்த நாலு பேரும் அதே தண்ணியைத்தானே குடிச்சாங்க?"

அம்மா வடிதட்டைக் கொஞ்சம் வேகமாகவே கீழே வைத்தாள். "இருபத்தஞ்சு பேர் ஒண்ணு சொல்றோம், நீ ஒருத்தி ஒண்ணு சொல்ற. யாருக்குக் கிறுக்குன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ. சாப்பிட வா."

*

பெல்ட்டுக்கு வேண்டாதவர்களை நிறுத்தி வைக்கிற இடம்தான் வால்பக்கம். புதிதாக வந்த டிகிரி அங்கே. அவளுக்கு எதிரில் ஆமை. மற்றவர்கள் மூன்று துணி இழுக்கிற நேரத்தில் இரண்டு இழுப்பவள், அதனால் ஆமை. டிகிரியைவிட நான்கைந்து வயது மூத்தவள், கனத்த உடம்பு, பேசினாலும் மெதுவாகத்தான் பேசுவாள். ஆமைக்குப் பக்கத்தில் வாய் ஓயாத ரேடியோ. அவளுக்குப் பக்கத்தில் நின்ற ஆறு பேர் வரிசையாக இடம் மாற்றிக் கேட்டதால் கடைசியில் வால்பக்கம் வந்து சேர்ந்தவள்.

மறுநாள் காலை டிகிரி கையில் ஒரு ஊசி வந்தது. பொத்தானை அழுத்தினாள். இடுக்கி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தேடி எடுத்தபோது துருப்பிடித்து வாய் திறக்கவில்லை. பதினோரு நிமிடம் ஆனது. மத்தியானம் இன்னொன்று. அன்றைக்கு எல்லோரும் இருபது நிமிடம் பிந்தி வெளியே வந்தார்கள். ஒருத்தியும் அவளோடு நடக்கவில்லை. அம்மா எல்லோருக்கும் முன்னால் நடந்தாள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் அவள் உட்காரப் போனால் பெஞ்சில் இடம் தீர்ந்துபோகும். தேநீர்க் கெண்டி அவளிடம் வரும்போது காலியாக இருக்கும். கத்திரி என்று ஒருத்தி இருந்தாள், நாக்குக்காக அந்தப் பெயர். அவள் நடுவிலிருந்து கத்துவாள்.

"டிகிரி மேடம், என் கூண்டுல ஒரு கொசு உட்கார்ந்திருக்கு. நிறுத்திட்டு அடிக்கட்டுமா?"

டிகிரியும் சும்மா இருக்கவில்லை. சட்டம் சொன்னாள். நோய்களின் பெயரைப் பட்டியல் போட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றதும், "ஆட்டு மந்தை மாதிரி இருக்கீங்க," என்றாள். அதோடு பேச வந்த ஒன்றிரண்டு பேரும் போனார்கள். அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. கேட்கிறவர்களைக் கேவலப்படுத்தாமல் உண்மையைச் சொல்ல அவளுக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள் பெல்ட் நின்றது. எல்லோரும் டிகிரியைத் திட்டத் திரும்பினார்கள். அவள் இரண்டு கையிலும் கம்பளியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பொத்தானில் இருந்தது ஆமையின் கை.

விசில் ஓடி வந்தான். "உனக்கும் தொத்திக்கிச்சா?"

"ஊசி வந்துச்சு. நிறுத்தினேன்," என்றாள் ஆமை.

"ஏற்கனவே நீ ஸ்லோ. இதுல இது வேறயா?"

"ஆமா சார். ஊசி வந்துச்சு. நிறுத்தினேன்."

நிதானமாக எடுத்தாள், நிதானமாக எழுதினாள். எழுத்து பெரிது பெரிதாக, குழந்தை எழுதியது போல இருந்தது. மூட்டை எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தாள். பெல்ட் மறுபடி ஓடியதும் ஒன்றுமே நடக்காதது போலத் துணியை இழுத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ஆமை தன் முட்டையை இரண்டாக வெட்டி ஒரு பாதியை நீட்டினாள்.

"ஏங்க்கா எங்கூட சேர்ந்தீங்க?"

"நான் எங்க சேர்ந்தேன்? அங்க ஒரு பொத்தான் இருக்குன்னே எனக்குத் தெரியாது. மேல டேப் இருந்துச்சு. நீ கிழிச்ச."

"திட்டுவாங்களே."

"எப்பவும் திட்டுறாங்க. மெதுவா இழுக்கிறேன்னு எட்டு வருஷமா திட்டுறாங்க. இனிமே இதுக்கும் திட்டட்டும்."

ஆமையைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை, யாரிடமும் மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு நாள் ஒரு ஊசி வந்தாலும் நிறுத்தினாள், ஆறு ஊசி வந்தாலும் நிறுத்தினாள். மழை கொட்டி எல்லோரும் பஸ்ஸுக்குப் பறந்த நாளிலும் நிறுத்தினாள். கடைசி மூட்டையில், கடைசித் துணியில், எல்லோரும் கையுறையைக் கழற்றிவிட்ட பிறகும் நிறுத்தினாள். நிறுத்திய நாளெல்லாம் கூண்டு வண்டிகளைத் தள்ளி வைத்துவிட்டுக் கடைசி ஆளாகத்தான் வெளியே வந்தாள். சோம்பேறி என்று சொல்லப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. சூழ்ச்சிக்காரி என்று சொல்லப் பார்த்தார்கள், அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் ரேடியோ அழுத்தினாள். "உனக்கு என்னடி வந்துச்சு?" என்று கத்திரி நடுவிலிருந்து கேட்டாள்.

"ரெண்டு பேர்னா கிறுக்குன்னு சொல்லுவாங்க. மூணு பேர்னா கட்சின்னு சொல்லுவாங்க. நான் பொறந்ததிலேர்ந்து ஒரு கட்சியில இருந்ததில்லை, அதான்," என்றாள் ரேடியோ. பிறகு டிகிரியிடம் மட்டும் தணிந்த குரலில், "என் சின்னவளுக்கு ஒரு வயசுகூட ஆகல. வீட்டுக்குப் போனதும் கையைக் கழுவிட்டுத்தான் தூக்குறேன். ஆனா கழுவினாப் போற விஷயமா இது?" என்றாள்.

*

ஆறு வாரம் முடிந்தது. அண்ணி இரத்தம் கொடுத்தாள். ஒன்றும் இல்லை என்று வந்தது.

அண்ணன் வேனை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே ஓடி வந்தான். அண்ணி முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். அம்மா தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை அதிகமாகப் போட்டாள். டிகிரியும்தான் அழுதாள். கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் அம்மா சொன்னாள்:

"பார்த்தியா. ஒண்ணும் இல்ல. நான் அன்னைக்கே சொன்னேன்."

மறுநாள் பெல்ட் முழுக்க அதே பேச்சு. "உங்க அண்ணிக்கு ஒண்ணும் இல்லையாமே. அப்ப எதுக்குடி எங்களை இத்தனை நாள் கால் கடுக்க நிறுத்தின?"

"அண்ணிக்கு ஏதாவது இருந்திருந்தா உங்களுக்கெல்லாம் திருப்தியா இருந்திருக்குமா?" என்றாள் டிகிரி. கத்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரேடியோ அன்றைக்குத் தொட்டிக்குப் பின்னால் அவளைப் பிடித்துக் கிழித்தாள். "நீ ஒரு தடவை வாயைத் திறந்தா நாங்க ரெண்டு பேரும் பத்து நாள் சேர்த்து வச்சது போயிடுது. கோபப்படு, வேண்டாங்கல. வீட்டுக்குப் போய் படு."

"வீட்ல அம்மா இருக்காங்க."

"அதுவும் சரிதான்," என்றாள் ரேடியோ.

அன்றைக்கு மத்தியானமும் ஆமை நிறுத்தினாள். "அதான் ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சே," என்றான் விசில், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில். ஆமை வழக்கமான அந்த இரண்டு வாக்கியத்தையே சொன்னாள். அப்போதுதான் டிகிரிக்கு உறைத்தது. தான் அண்ணிக்காக நிறுத்தினாள், நியாயத்துக்காக நிறுத்தினாள், ஜெயிப்பதற்காகவும் நிறுத்தினாள். ஆமை ஊசிக்காக மட்டுமே நிறுத்துகிறாள். அதனால்தான் அவளிடம் யாராலும் வாதாட முடியவில்லை. அன்றிலிருந்து டிகிரியும் அந்த இரண்டு வாக்கியத்தைத் தவிர வேறு எதையும் பெல்ட்டில் பேசாமல் இருக்கப் பழகினாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

யாரும் அவர்கள் பக்கம் வரவில்லை. ஆனால் வேறு ஏதேதோ நடந்தது. கத்திரி ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். கேட்டால் கைக்குக் குளிர் என்றாள். துணியை நடுவில் பிடித்து அள்ளுகிறவர்கள் ஓரத்தைப் பிடித்து உதறி இழுக்கத் தொடங்கினார்கள். வால்பக்கத்தில் எண்ணெய் போட்டு வைத்திருந்த இடுக்கி ஒரு நாள் காணாமல் போனது. தேடினால் பெல்ட்டின் நடுவில், கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துறதுதான் கிறுக்குத்தனம்," என்றாள் கத்திரி. "இடுக்கில எடுக்கிறது புத்தி. ரெண்டும் ஒண்ணில்ல."

வீட்டில் அம்மா துவைக்கிற துணியை வாளியில் போடுவதற்கு முன்னால் அண்ணன் சட்டையின் பையை வெளியே இழுத்துப் பார்த்தாள். உதறினாள். ஓரத்தைப் பிடித்துப் போட்டாள். டிகிரி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய காரியங்களில் அதைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

*

மூன்று மாதத்தில் ரெஜிஸ்டரில் தொண்ணூற்று நான்கு ஊசிகள் ஏறின. தொண்ணூற்று நான்கும் மூன்றே பேர் கையெழுத்தில்.

மேனேஜர் அந்த ரெஜிஸ்டரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரி திருப்பிக் கேட்ட கேள்வி நியாயமானதுதான். பதினேழு வருடமாக எங்கள் துணியில் ஒரு ஊசிகூட இல்லை. திடீரென்று தொண்ணூற்று நான்கு. அதுவும் இத்தனை பேரில் மூன்று பேர் கைக்கு மட்டும் வருகிறது. எங்கள் நர்ஸ்கள் அந்த மூன்று பேரைப் பார்த்துப் பார்த்தா ஊசி அனுப்புகிறார்கள்?

விசில் பெல்ட்டில் வந்து சொன்னான். "நாளைக்கு மேனேஜர் எல்லாரையும் கேப்பார். மத்தவங்களுக்கு ஊசி வரலைன்னா, இந்த மூணு பேரும் தாங்களே கொண்டுவந்து போடுறாங்கன்னு அர்த்தம். மூணு பேருக்கும் கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க. உள்ளதைச் சொல்லிடுங்க."

அன்று சாயங்காலம் அந்த ஒன்றரை அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் அண்ணிதான் கேட்டாள். "அத்தை, நாளைக்கு என்ன சொல்லுவீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? வந்துச்சுன்னு சொன்னா, இத்தனை வருஷம் வந்தது எங்கன்னு கேப்பாங்க. முதல் ஆள் நான்தானே. என்னைத்தான் கேப்பாங்க."

"வரலன்னு சொன்னா இவளை அனுப்பிடுவாங்க."

"தெரியும்."

"அம்மா, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றாள் டிகிரி. கோபமாகச் சொல்ல நினைத்தது, அசதியாக வந்தது.

"நான் சொல்றதையும் சொல்லாததையும் நீ சொல்லித்தர வேண்டாம்," என்றாள் அம்மா. விளக்கை அணைக்கச் சொன்னாள்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் மேனேஜர் வந்தார். மெலிந்த, அமைதியான மனிதர். அழுக்குப் பக்கம் வந்தால் எதிலும் கை படாமல் நிற்பார். "பெல்ட்டில் ஊசி பார்த்தவங்க மட்டும் கையைத் தூக்குங்க," என்றார்.

வால்பக்கத்தில் மூன்று கை. ஆமை தூக்கிய கையை மடக்காமல், நேராக, பள்ளிக்கூடத்தில் தூக்குவது போலத் தூக்கியிருந்தாள். வேறு யாரும் அசையவில்லை. மேனேஜர் ஒரு நிமிடம் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

"நேத்து எனக்கு ரெண்டு வந்துச்சு," என்று ஒரு குரல் கேட்டது. கத்திரி. சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரோ அவளை ஏமாற்றிவிட்டது போன்ற எரிச்சலில் சொன்னாள். "முந்தாநாள் ஒண்ணு."

"ஏம்மா எழுதல?"

"எழுதினா இவளுங்களோட சேர்ந்துட்டேன்னு சொல்லுவாங்க சார்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று கழன்றது. கத்திரிக்குப் பக்கத்தில் நின்றவள் கையைத் தூக்கினாள். அவளுக்கு எதிரில் நின்றவள், இவளே தூக்கிவிட்டாள் நமக்கென்ன என்பது போலத் தூக்கினாள். பிறகு மூன்று பேர் ஒன்றாக. மேனேஜர் விரலால் எண்ணினார். பத்தொன்பது கை.

அம்மா தூக்கவில்லை. கையுறையோடு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்ப இத்தனை நாள் வந்த ஊசியெல்லாம் எங்க போச்சு?" என்றார் மேனேஜர்.

இதற்கு ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. டிகிரியின் வாய் திறந்தது. ஆமை தன் முழுக் கனத்தையும் அவள் கால் மேல் வைத்தாள். வாய் மூடியது.

"உங்கம்மா பேரைச் சொல்லியிருந்தா," என்றாள் ஆமை பிறகு, "அந்தப் பத்தொன்பது கையும் அப்படியே எறங்கியிருக்கும். அப்புறம் நாம மூணு பேரும் உண்மையைக் கட்டிக்கிட்டு அழணும்."

*

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மூத்த நர்ஸ் வந்து ரெஜிஸ்டரைப் பிரதி எடுத்துப் போனாள். மூட்டை எண்களை வைத்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் இரண்டே வார்டிலிருந்து வந்தவை. அங்கே என்ன சொன்னார்களோ, ஊசி குறைந்தது. முதலில் நாளுக்கு நான்கு தடவை நின்ற பெல்ட், பிறகு ஒரு தடவை நின்றது. நிற்காத நாளும் வந்தது. எல்லோரும் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனார்கள். யார் கையில் ஊசி வந்தாலும் அவளே நிறுத்தினாள், திட்டாமல், திட்டு வாங்காமல்.

தலைப்பக்கத்துக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். அம்மா அவளுக்குக் கையுறை மாட்டக் கற்றுக்கொடுத்தபடி சொன்னது வால்பக்கம் வரை கேட்டது.

"ஊசி வந்தா கை வைக்கக் கூடாது. நிறுத்திட்டு இடுக்கில எடுக்கணும். நான் இங்க வந்த நாள்லேர்ந்து நாங்க அப்படித்தான்."

"ஆமா," என்றாள் கத்திரி. "மத்த இடம் மாதிரி இல்ல. இந்த பெல்ட்டு அதுல ரொம்பக் கறார்."

டிகிரி கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டாள். "அக்கா, கேட்டீங்களா?"

"கேட்டேன்," என்றாள் ஆமை.

"அப்ப நாம மூணு மாசம் தொட்டிக்குப் பின்னாடி எதுக்கு உட்கார்ந்து சாப்பிட்டோம்? காத்து வாங்கவா?" என்றாள் ரேடியோ.

ஆமை சிரித்தாள். அவள் சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் பிறகுதான் வரும். "அவங்களே கண்டுபிடிச்சதா இருக்கட்டும். நாம சொன்னதுன்னா நாளைக்கு வேணாம்னு தோணும். அவங்களோடதுன்னா விடவே மாட்டாங்க."

இதை எந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனை வருடம் படித்தால் ஒருத்தி சொல்லுவாள் என்று டிகிரிக்குத் தெரியவில்லை. ஆமை ஐந்தாம் வகுப்பு.

அந்த வாரமே மேனேஜர் டிகிரியைக் கூப்பிட்டார். சுத்தப் பக்கத்தில், ஜன்னலோரம், ஒரு மேஜை. ரெஜிஸ்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. திங்கட்கிழமையிலிருந்து வரலாம். அம்மாவுக்குச் செய்தி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பட்டமளிப்பு நாளுக்கு எடுத்த சுடிதாரைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கட்டில் மேல் வைத்திருந்தாள். பதினேழு வருடம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற ஒருத்தியின் மகள் அந்தப் பக்கம் உட்காரப் போகிறாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்கு டிகிரி எழுந்திருக்கவில்லை. அம்மா வேலைக்குப் போய், இரண்டு மணிக்கு முடித்துத் திரும்பி வந்தபோது, அவள் பழைய வேலைச்சட்டையைப் போட்டுக்கொண்டு தலையைப் பின்னி வலைக்குள் அடக்கிக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு எட்டாம் மாதம். கட்டிலில் சாய்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க கிளம்புற?"

"ரெண்டாவது ஷிப்டு. அழுக்குப் பக்கம். மேனேஜர்கிட்ட சனிக்கிழமையே கேட்டுட்டேன்."

"மேஜை?"

"வேண்டாம்னுட்டேன்."

அம்மா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு மூளை இருக்கா? உன்னை எதுக்குடி படிக்க வச்சோம்?"

"அந்த ஷிப்டு ரெஜிஸ்டர் இன்னும் காலியா இருக்கும்மா. அதே வார்டு துணிதான். அண்ணாதான் கொண்டுபோய் இறக்குறான், கேட்டுப் பாருங்க."

"அதுக்கு நீ ஏன் போகணும்?"

"பிள்ளை பொறந்தப்புறம் அண்ணி எந்த ஷிப்டுக்குப் போவாங்க? நீங்க மத்தியானம் வந்து பிள்ளையைப் பார்த்துக்கணும்னா, அவங்க மூணு மணி ஷிப்டுக்குத்தான் போகணும். அங்கதான் நிக்கணும்."

அண்ணி வயிற்றின் மேல் கையை வைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அம்மா உள்ளே வந்து இஸ்திரி போட்ட சுடிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மடிப்பு கலையாமல் தடவிக் கொடுத்தாள். "அங்க ஆமை இருக்க மாட்டா. அந்த வாயாடியும் இருக்க மாட்டா. இருபத்தஞ்சு பேருக்கு நீ ஒருத்தி."

"தெரியும்மா."

"மூணு மாசமா ஆறு மாசமான்னு தெரியாது."

"சரி."

"அங்க தலைப்பக்கத்துல நிக்கிறவ என்னை மாதிரி இல்ல. மோசமானவ. அவகிட்ட போய்க் கத்தாத. என்ன சொன்னாலும் கத்தாத."

"கத்த மாட்டேன்."

"கத்துவ."

டிகிரி செருப்பை மாட்டினாள். அம்மா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். டின்னை அந்த ஷிப்டில் எங்கே வைப்பார்கள், விசிலுக்குப் பதில் அங்கே இருக்கிறவன் எப்படிப்பட்டவன், பொத்தானுக்கு எதிர்ப்புறம் நின்றால் துணி முகத்தில் தெறிக்கும், பக்கவாட்டில் நில். டிகிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வாசலைத் தாண்டினாள். தெருவில் வெயில் தார் உருக அடித்தது. மணி இரண்டே முக்கால். மூன்றுக்கு முதல் மூட்டை பிரிப்பார்கள். அவள் நடையை எட்டிப் போட்டாள்.